ஈரலுக்கு ஒரு சத்து மாத்திரை

ரத்தம் எடுத்த குழாயை சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், மேலே சீரம் தெளிந்து நிற்கும். நல்ல உடம்புக்காரரின் சீரம் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக வந்தவருடையது கலங்கி வெள்ளையாகத் தெரியும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் இழுத்து எடுத்த ரத்தமென்றால் அணுக்கள் உடைந்து இளஞ்சிவப்பாக நிற்கும். காமாலை கண்டவருடையது அடர் மஞ்சள், முற்றினால் பழுப்பு. மூக்கண்டப்பள்ளியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்து இந்தக் குழாய்களைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. எந்திரம் எண்ணைச் சொல்வதற்கு முன்பே கண் பாதியைச் சொல்லிவிடும்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கிறது மூக்கண்டப்பள்ளி. ஒருகாலத்தில் ராகி விளைந்த காடு. இப்போது வரிசை வரிசையாக வாடகை அறைகள். ஓசூர் 2019இல் மாநகராட்சியானபோது இதுவும் நகரத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் உள்ளூர்க்காரர்கள், தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள், ஒடிசா, பீகார், அசாம் இளைஞர்கள். வேலைக்குச் சேரும் முன் ஒரு பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி ஏற்பாடு செய்யும் பரிசோதனை, நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் ஒன்று. அப்படி ஒரே ஆளின் கல்லீரல் எண்களை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

அந்த எண்களைப் பார்த்து வந்ததில் ஒரு விஷயம் மெல்லப் புரிந்தது. குடியும் வைரஸும் கொழுப்பும் ஈரலைக் கெடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஈரலைக் காப்பாற்ற என்று வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரையும் சிலருக்கு அதைக் கெடுக்கிறது. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே யாரும் சொல்வதுமில்லை.

தையல் யூனிட்டில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் சீரம் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். வீட்டில் காமாலை என்று முடிவு கட்டி, உப்பில்லாப் பத்தியம் வைத்திருந்தார்கள். ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிலிருபின் 0.6 மில்லிகிராம், முழுக்க இயல்பு. கேட்டபோதுதான் தெரிந்தது, முகம் பொலிவாக வேண்டும் என்று தினமும் கேரட் ஜூஸ் குடித்ததோடு பீட்டா கரோட்டின் கேப்சூலும் சாப்பிட்டு வந்திருக்கிறார். கரோட்டின் மிஞ்சினால் தோலில் படியும், கண்ணின் வெள்ளையில் படியாது. காமாலை கண்ணில்தான் முதலில் தெரியும். டாக்டர் கேப்சூலை நிறுத்தச் சொன்னார், நிறம் சில வாரங்களில் இறங்கியது.

அவருக்கு அதனால் கேடு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதே கேப்சூலைப் பீடி பிடிப்பவர் சாப்பிட்டால் கதை வேறு. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களையும் சேர்த்து 18,314 பேரிடம் நடந்த கேரட் என்ற ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அதில் 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். காப்பாற்றும் என்று நம்பித்தான் இரண்டையும் தொடங்கினார்கள். தூசியிலும் புகையிலும் வேலை செய்யும் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் இருப்பதால் இந்த இரண்டு ஆய்வுகளையும் என்னால் தள்ளிவைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி ஈரலையே கெடுத்த ஒரு மஞ்சள் மாத்திரைக்கு வருகிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். நாற்பது யூனிட் வரை இருந்தால் கவலை இல்லை என்று பெரும்பாலான லேப்களில் கணக்கு. இந்த நொதியை நேரடியாக எண்ண முடியாது. மருந்துக் கரைசலில் சீரத்தைக் கலந்தால் நொதி வேலை செய்யத் தொடங்கும். அந்த வேலையின் முடிவில் என்.ஏ.டி.எச். என்ற பொருள் கரையும். அது கரையக் கரைய 340 நானோமீட்டர் ஒளி உறிஞ்சப்படுவது குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை எந்திரம் அளந்து எண்ணாக மாற்றும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நொதி மிதமிஞ்சி இருந்தால், எந்திரம் அளக்கத் தொடங்கும் முன்பே என்.ஏ.டி.எச். முழுவதும் தீர்ந்து போயிருக்கும். அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எந்திரம் சின்ன எண்ணைக் காட்டிவிடும். எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தார்: நிறமும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் நிறத்தை நம்பு.

லேத்தில் வேலை பார்க்கும் ஒருவர், முப்பத்தைந்து வயதுக்காரர், உடம்பு அசதியாக இருக்கிறது, மூத்திரம் மஞ்சளாகப் போகிறது என்று வந்தார். சீரம் அடர் மஞ்சள். எஸ்.ஜி.பி.டி. 46 என்று வந்தது. பொருந்தவில்லை. சீரத்தைச் சலைனில் பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினேன். கணக்குப் போட்டால் ஆயிரத்து நூறைத் தாண்டியது. பிலிருபின் ஐந்துக்கு மேல். சில மாதங்களுக்கு முன் கம்பெனி பரிசோதனையில் அதே ஆளின் எஸ்.ஜி.பி.டி. முப்பதுக்குள் இருந்தது, என் பதிவேட்டிலேயே இருக்கிறது.

“என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்லண்ணா. குடிக்கறதும் இல்ல.”

கூட வந்த மனைவி சொன்னார்: “அந்த மஞ்சள் மாத்திரை சாப்பிடறீங்களே, அதைச் சொல்லுங்க.”

“அது மருந்தா? மஞ்சள்தானே அது.”

கூட வேலை பார்க்கும் ஒருவர் ஆள் சேர்க்கும் வியாபாரத்தில் விற்றது. மூட்டு வலிக்கும் நல்லது, உடம்பின் நஞ்சையும் எடுக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். 95 சதவீதம் குர்குமின், ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம், கூடவே பைப்பரின். காலையும் இரவும் ஒவ்வொன்று. டப்பாவின் விவரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் அனுப்பினேன். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ எல்லாம் இல்லை என்று வந்தன. டாக்டர் கேப்சூலை நிறுத்தினார். வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தோம். எண் இறங்கிக்கொண்டே வந்து இரண்டாவது மாத முடிவில் இயல்புக்கு வந்தது. வேறு காரணம் ஒன்றும் கிடைக்காததாலும் நிறுத்தியதும் இறங்கியதாலும்தான் கேப்சூலின் மேல் பழி விழுந்தது. இந்த மாதிரிப் பாதிப்பை உறுதி செய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. விலக்கி விலக்கித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மஞ்சள் நம் அடுப்படியில் தலைமுறை தலைமுறையாக இருப்பதுதானே என்று அவர் கேட்டதில் தப்பில்லை. அளவைப் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ மூன்று சதவீதம். அப்படியானால் ஒரு கேப்சூலில் இருப்பது பதினாறு கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். குழம்பில் ஒரு நாளைக்கு ஒருவர் வயிற்றுக்குள் போவது ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை. அதிலும் குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படும்; மிச்சம் வெளியேறிவிடும். அந்த இயற்கையான தடையை உடைக்கத்தான் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பு எங்கோ நடந்ததல்ல. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இரண்டு கிராம் குர்குமினோடு இருபது மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது என்று 1998இல் எழுதினார்கள். உலகம் முழுக்க விற்கும் மஞ்சள் கேப்சூல்களில் மிளகுச் சத்து சேர்க்கப்படுவதற்கு இந்த ஆய்வுதான் அடிப்படை. குழம்பில் மஞ்சளும் மிளகும் சேர்வது வேறு, இது வேறு.

இத்தாலியில் 2019இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சி அடுத்தடுத்துப் பதிவானதும், அந்த நாட்டு சுகாதார அமைச்சகம் டப்பாவில் எச்சரிக்கை வாசகம் போட வைத்தது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவ வலையமைப்பு 2022இல் பத்து நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. பச்சைத் தேயிலைச் சாற்றால் ஈரல் கெட்டவர்களிடமும் இதே வகைதான் அதிகம் காணப்பட்டது. அதனால்தான் ஒரே டப்பாவிலிருந்து பத்துப் பேர் சாப்பிட்டாலும் ஒருவருக்கு மட்டும் வருகிறது. மற்ற ஒன்பது பேரும் “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பது நம் லேபில் பார்க்கும் எந்தப் பரிசோதனையிலும் முன்கூட்டித் தெரியாது.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லை டப்பாவில் பார்த்தவுடன் ஈரலுக்குக் கவசம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஈரல் தனக்குத் தேவையான கவசத்தைத் தானே செய்துகொள்கிறது. அதன் பெயர் குளுட்டதையோன். மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து ஒவ்வொரு கல்லீரல் செல்லும் இதை உற்பத்தி செய்கிறது. வீட்டில் அவசரத்துக்கு வைத்திருக்கும் கைப்பணம் மாதிரி. வரவு இருக்கும்வரை செலவு தெரியாது. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி சிக்கலில்லாமல் வெளியேறும். சிறு பகுதி ஈரலில் நச்சுப் பொருளாக மாறும், அதைக் குளுட்டதையோன் பிடித்து அடக்கும். பட்டினி கிடப்பவருக்கும் தினமும் குடிப்பவருக்கும் கையிருப்பு முன்பே குறைந்திருக்கும். குடிப்பவருக்கு அந்த நச்சு உருவாகும் வேகமும் அதிகம். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல், உடம்பு வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் மாத்திரை போடுகிறவர் மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதைக் கவனிப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு நான்கு கிராம். குடிப்பவருக்கு டாக்டர்கள் அதையும் பாதியாகக் குறைப்பார்கள்.

ஈரலை உண்மையிலேயே காப்பாற்றும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான் வருகிறது. என்-அசிட்டைல் சிஸ்டைன். குளுட்டதையோன் செய்வதற்கான மூலப்பொருளை உடம்புக்குக் கொடுக்கும் மருந்து. பாராசிட்டமால் நச்சுக்கு 1970களிலிருந்து மாற்று மருந்தாகப் பயன்படுகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் ஈரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். அது ஆஸ்பத்திரியில், அளவு கணக்கிட்டு, இன்ன நச்சுக்கு என்று தெரிந்து கொடுக்கப்படுகிறது. நேரமும் காரணமும் தெரிந்து கொடுப்பதால்தான் அது மருந்து.

சிப்காட்டைச் சுற்றி ஜிம்கள் பெருகிவிட்டன. அங்கிருந்து வரும் பையன்களின் ரிப்போர்ட்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். கடுமையாக எடை தூக்கிய மறுநாள் எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதி ஏறும், எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம் ஏறும். தசையிலும் அந்த நொதிகள் உண்டு. சி.பி.கே. என்ற இன்னொரு பரிசோதனை செய்தால் தசையா, ஈரலா என்று தெரிந்துவிடும். சும்மா பயந்து “லிவர் டானிக்” வாங்கிக் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே ஈரல் கெட்டவர்களும் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் கேப்சூலில் பெரும்பாலும் பச்சைத் தேயிலைச் சாறு இருக்கும். கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீரால் தினமும் 90 முதல் 300 மில்லிகிராம் வரை, அந்தத் தேயிலையின் ஆன்டிஆக்ஸிடன்ட்டான ஈ.ஜி.சி.ஜி. உடம்பில் சேர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணக்கிட்டது. அதில் ஆபத்து காணவில்லை. கேப்சூலாக நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் நொதிகள் உயர்வதாகச் சொன்னது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேர்வது இன்னும் கூடும். ஜிம் பையன்கள் வெறும் வயிற்றில்தான் போடுகிறார்கள்.

கொரோனா காலத்தில் சீந்தில் வந்தது. மும்பையில் 2020 கடைசியில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்த ஆறு பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. பிறகு 2022இல் இந்தியாவின் பதின்மூன்று மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. அதில் தெரிந்தது, ஏற்கெனவே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே தாக்கும் போக்கு உள்ளவர்களுக்கு இது அந்த நோயைக் கிளப்பிவிடுகிறது என்பது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்ற பொருள், கூடாத இடத்திலும் கூட்டியிருக்கிறது. அதே போக்கால் வரும் தைராய்டு போன்ற நோய் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தால் ஈரல் கெட்டவர்களின் பட்டியலை இந்திய அளவில் எடுத்தவர்களும் நம் பக்கத்துக்காரர்களே. செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ஹர்ஷத் தேவர்பாவி தலைமையில் பதினாறு மையங்கள் சேர்ந்து 2013 முதல் 2018 வரை 1,288 நோயாளிகளைப் பதிவு செய்தன. முதல் இடம் காசநோய் மருந்துகளுக்கு, 46.4 சதவீதம். இரண்டாம் இடம் மூலிகை, மாற்று மருந்துகளுக்கு, 13.9 சதவீதம். வலிப்பு மருந்துகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதில் காசநோய் எங்கள் ஊர்ச் சங்கதி. ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் தங்குகிறார்கள். ஷிப்ட் மாறி மாறி ஒரே பாயில் தூங்குகிறார்கள். ஒருவருக்கு வந்தால் பரவுகிறது. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், அதுதான் உயிரைக் காப்பது. கூடவே கொடுக்கும் பி6 வைட்டமின் நரம்புக்காக டாக்டரே எழுதுவது. சிக்கல் எங்கே என்றால், “காசநோய் மாத்திரை ஈரலைச் சுடும்” என்று யாரோ சொல்ல, பக்கத்தில் ஒரு லிவர் டானிக், ஒரு பச்சிலைச் சூரணம், ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். எஸ்.ஜி.பி.டி. ஏறிவிட்டால் எது ஏற்றியது என்று டாக்டருக்குத் தெரியாது. காசநோய் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். கூட்டாமல் இருந்திருந்தால் அந்த வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

தொழிற்சாலையின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. உதிரி பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க டிரைக்ளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் பயன்படுகின்றன. செயற்கைத் தோல் செய்யுமிடத்தில் டைமெத்தில் ஃபார்மமைட். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் ஈரலைக் கெடுக்கக்கூடியவை இவை. நச்சுப் பொருளால் வரும் காமாலையை அறிவிக்க வேண்டிய தொழில் நோய் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையிலேயே சேர்த்தது. ஈரலைக் காக்கும் என்று ஆன்டிஆக்ஸிடன்ட்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற இன்னொரு கரைப்பானிலிருந்து வந்தது. அதை எலிக்குக் கொடுத்து ஈரலைக் கெடுத்து, இன்ன மூலிகை காப்பாற்றியது, இன்ன வைட்டமின் காப்பாற்றியது என்று எழுதப்பட்ட ஆய்வுகளுக்குக் கணக்கில்லை. எலிக்குப் பெரும்பாலும் நச்சுக்கு முன்போ அதோடு சேர்த்தோ மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தொழிலாளிக்கு நச்சு வருஷக்கணக்கில் துளித்துளியாகச் சேர்கிறது. அவருக்கு வேண்டியது கையுறை, காற்று வெளியேற்றும் விசிறி, முகக்கவசம். பரிசோதனை முகாமுக்குப் போன ஓரிடத்தில் முகக்கவசத்துக்குப் பதிலாக மாதம் ஒரு டப்பா சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்.

இந்த மாத்திரைகளோடு சாராயமும் சேர்ந்தால் இன்னும் மோசம். சார்லஸ் லீபர் என்ற அமெரிக்க மருத்துவர் மதுவின் ஈரல் சேதத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். பபூன் குரங்குகளுக்கு மதுவோடு பீட்டா கரோட்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது ஈரல் சேதம் கூடியது என்று அவரது குழு 1992இல் காட்டியது. வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். உடம்பின் வைட்டமின் ஏ பெரும்பாலும் ஈரலில்தான் சேமிக்கப்படுகிறது. மாத்திரையாக மிஞ்சினால் அந்தச் சேமிப்புச் செல்களே தழும்பு நாரை உற்பத்தி செய்யத் தொடங்கும். குடிக்கிறவர் “குடிக்கிறதுக்கு ஈடா சத்து மாத்திரை போடறேன்” என்பது எதிர்த் திசையில் நடப்பது.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காதவர் கிடையாது. நான் அதை இகழ மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்த ஆய்வு. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்த பலன் மறுமுறையும் கிடைத்தால்தான் மருந்து. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். அதனால் எதைக் குடித்தாலும் குணமானதாகத் தோன்றும். என் கவலை இலையின் மேல் இல்லை, நாட்கள் மேல்தான். பத்தியத்தில் நாட்களைக் கழித்துவிட்டு, ரத்தம் உறையும் நேரம் நீண்டுபோன நிலையில் வந்தவர்களுக்கு நான் ரத்தம் எடுத்திருக்கிறேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாமே வீண் என்று சொன்னால் அதுவும் பொய். குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்பு ஈரலில் வைட்டமின் ஈ பலன் தந்திருக்கிறது. 247 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளைக்கு 800 யூனிட் பெற்றவர்களில் 43 சதவீதம் பேரின் ஈரல் திசு தேறியது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 19 சதவீதம். சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை. அதே வைட்டமின் ஈ-யை 400 யூனிட் அளவில் நல்ல உடம்போடு இருந்த ஆண்களுக்குக் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஈரல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டப்பா சொல்ல முடியாது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் பற்றிய 67 ஆய்வுகளை, மொத்தம் 2,32,550 பேரை, காக்ரேன் குழு 2008இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஆயுளைக் கூட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை; பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ மூன்றும் இறப்பைச் சற்றே கூட்டுவதாகத் தெரிந்தது.

எங்கள் வேலையையே இவை குழப்புவதும் உண்டு. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த ஒருவரின் சிறுநீர்ப் பட்டை “இல்லை” என்று காட்டியது. ரத்தத்தில் சர்க்கரை முந்நூறுக்கு மேல். தினமும் பல வைட்டமின் சி மாத்திரைகளை மென்று தின்கிறார். பட்டையில் நிறம் வர ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். சிறுநீரில் வெளியேறிய வைட்டமின் சி அதைத் தின்றுவிடுகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த இடம் இது. நோயைப் போக்கவில்லை, மறைத்தது.

இந்த டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டு உரிம எண் இருக்காது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி அது உணவு. விற்பவர் வாயில்தான் அது மருந்தாகிறது.

உணவு என்றால் எங்கள் பக்கத்தில் குறைவில்லை. ராகிக் களியும் கீரை மசியலும், ராயக்கோட்டைச் சந்தைக்கு வரும் தக்காளி, பனிக்காலத்தில் பச்சை மொச்சைச் சாறு, கோடையில் கிருஷ்ணகிரி மாம்பழம். இவற்றில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டால் ஈரல் கெட்டு ஒருவரும் என் லேபுக்கு வந்ததில்லை. தினமும் 400 கிராம் காய்கறி, கீரையும் 100 கிராம் பழமும் சாப்பிடச் சொல்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு மாத கேப்சூல் டப்பாவின் விலைக்கு ஒரு குடும்பம் பல நாட்களுக்குக் கீரை வாங்கலாம். அறையில் சமைக்க நேரமில்லாத பையன்களுக்குக் கேன்டீனில் ஒரு கீரைக் கூட்டு போட கம்பெனிகள் மனம் வைத்தால், அது எந்த முகாமைவிடவும் பெரிய காரியம்.

லேப் டெக்னீஷியன் நோயைச் சொல்லக் கூடாது. அது டாக்டரின் வேலை. ஆனால் கேட்கலாம். இப்போதெல்லாம் லிவர் டெஸ்டுக்கு வருகிறவர்களிடம் பெயர், வயதுக்கு அடுத்த கேள்வியாக என்ன சத்து மாத்திரை போடுகிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன்: தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அரைகுறை இந்தியிலும். “மாத்திரை சாப்பிடறீங்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “சத்துக்கு, உடம்பு வலிக்கு, உடம்பு இளைக்க, முடி வளர, முகம் பளபளக்க ஏதாவது போடறீங்களா” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் டப்பா வெளியே வரும்.

ஆகவே ரத்தம் கொடுக்க எங்கே போனாலும், டாக்டரைப் பார்க்க எங்கே போனாலும், வீட்டில் சாப்பிடும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சூரணம், லேகியம், கேப்சூல், ஜிம் பவுடர், வலி மாத்திரை எதையும் விடாதீர்கள். மூத்திரம் தேநீர் நிறத்தில் போனாலோ, பசி அற்றுப்போனாலோ, உடம்பு முழுக்க அரித்தாலோ சத்து மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். டாக்டர் எழுதிய மருந்தை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். காலை ஷிப்டுக்குப் போகும் முன் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் ரிப்போர்ட் கிடைத்துவிடும்.